கட்டைவிரல்

"இப்பல்லாம் எவனும் சும்மா வர்றதில்ல. உடம்பு எப்படி, ஆடு மாடு எப்படின்னு கேக்கிறதில்ல. வரும்போதே கையில ஒரு காகிதம்!"

லோகெரிஸ் கிழவர் முணுமுணுத்தது செனாங்கத்தின் காதில் விழ வேண்டும் என்றுதான். ஆட்டுச் சந்தையின் ஓரத்தில், வேல மரத்தடியில், கையோடு கொண்டுவந்திருந்த குட்டி முக்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"உடம்பு எப்படி தாத்தா?"

"நான் சொன்ன பிறகு கேக்கிற. விடு. காகிதத்தை எடு."

செனாங்கத் கப்பெங்குரியா என்ற ஊரில் பள்ளி ஆசிரியை. நாற்பது வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் இங்கே வந்து, ஆடு மாடு மேய்க்கும் போகோட் இன மக்களின் மருந்துகளைப் பற்றி ஆங்கிலத்தில் பெரிய புத்தகம் எழுதினார். அதைப் போகோட் மொழிக்குக் கொண்டுவர ஓர் அறக்கட்டளை நிதி கொடுத்திருந்தது. மொழிபெயர்த்தவள் செனாங்கத்தான்; மூன்று வருட உழைப்பு. மொழிபெயர்த்ததை ஊர்ப் பெரியவர் ஒருவர் காதால் கேட்டு, சரி என்று கைநாட்டு வைத்தால்தான் அச்சுக்குப் போகும். இந்த மாதக் கடைசிக்குள் கைநாட்டு வராவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும்.

அன்று பேராசிரியருக்கு மருந்து சொன்னவரே லோகெரிஸ்தான். புத்தகத்தில் பெயர்கூட இருந்தது. ஆகவே வேறு யாரும் கைநாட்டு வைக்கத் துணியவில்லை.

முதல் தடவை வந்தபோது, ஆடு காணாமல் போய்விட்டது என்றார். இரண்டாவது தடவை, கண் வலி என்றார். இது மூன்றாவது தடவை. கிழவர் எதையோ எதிர்பார்க்கிறார் என்று சந்தையில் சொன்னார்கள். அதனால் புகையிலைப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்திருந்தாள். நீட்டினாள். வாங்கி மடியில் செருகிக்கொண்டார். கட்டைவிரலை மட்டும் நீட்டவில்லை.

"எனக்கு ஒண்ணு புரியல பொண்ணே. நாங்க எங்க பேச்சுல சொன்னோம். அவன் அவன் பேச்சுல எழுதிக்கிட்டான். இப்ப அதையே எங்க பேச்சுக்குத் திருப்பிக் கொண்டுவர எவனோ பணம் குடுக்கிறானா? கறந்த பாலை மறுபடி மடியில ஊத்தக் கூலி குடுக்கிறவனும் இருக்கானா?"

"நம்ம மொழியில பெரிய புத்தகம் ஒண்ணுகூட இல்லையே தாத்தா. நம்ம பிள்ளைங்க படிக்கணும்னுதான்."

"அதுல அவனுக்கு என்ன லாபம்?"

"ஒரு லாபமும் இல்ல."

"அப்ப நிச்சயமா திருடன்தான். லாபம் இல்லாம பணம் குடுக்கிறவனை இந்தச் சந்தையில நான் பார்த்ததே இல்ல."

செனாங்கத்துக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு, காகிதத்தைப் பிரித்துப் படித்தாள்.

"குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், ஆற்றோரத்து மஞ்சள் பூ மரத்தின் பட்டையைக் கொதிக்க வைத்து..."

"நிறுத்து. இதை யாரெல்லாம் படிப்பாங்க?"

"வீட்டுக்கு ஒண்ணு இலவசமாத் தரப்போறோம். முதல் புத்தகம் என் தங்கச்சிக்கு. அவளுக்குப் பிள்ளை பிறந்து மூணு மாசம்தான் ஆகுது."

கிழவர் மண்ணில் துப்பிவிட்டு, "அந்தப் பட்டையைக் குடுத்தா போறது நிக்காது. இன்னும் ரெண்டு மடங்கா போகும். மூணு மாசப் பிள்ளை தாங்காது" என்றார்.

"என்ன தாத்தா சொல்றீங்க? நீங்க சொன்னதுதானே எழுதியிருக்கு?"

"நான்தான் சொன்னேன். அந்தப் புத்தகத்துல நான் சொன்ன மருந்து அத்தனையும் தப்பு."

"ஏன் தாத்தா தப்பாச் சொன்னீங்க?"

"நோயாளியைத் தூக்கிட்டு வந்தா அப்பவே மருந்து குடுத்துடுவோம். ஆனா மருந்தோட பேரைக் கேட்டு வர்றவனுக்கு எங்க வீட்டுல முதல் தடவை பொய்தான் சொல்லுவோம். ரெண்டாவது தடவையும் பொய்தான். விடாம மூணாவது தடவை வந்தா, அவனுக்கு நிஜமாவே வேணும்னு அர்த்தம். அப்பத்தான் உண்மை. என் அப்பன் காலத்துலயும் அப்படித்தான்."

"பேராசிரியர்?"

"ரெண்டு தடவை வந்தான். புகையிலை குடுத்தான். விமானம் ஏறிட்டான். இவ்வளவு நாள் அவன் மொழியிலயே கிடந்தது, இங்க ஒருத்தரும் படிக்கல, நானும் பேசாம இருந்தேன். இப்ப நீ வீட்டுக்கு ஒண்ணு குடுக்கிறேன்னு நிக்கிற."

"அப்ப ஆடு காணாமப் போனது? கண் வலி?"

"ரெண்டும் பொய். இன்னிக்கு மூணாவது தடவை. அதான் உண்மையைச் சொல்லிட்டேன்."

செனாங்கத் அவசரமாகப் பேனாவைத் திறந்தாள். "நல்ல வேளை தாத்தா! மாசக் கடைசிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. எல்லாத்தையும் திருத்திடலாம். வயிற்றுப்போக்குக்கு நிஜ மருந்து எது?"

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார், விலைக்கு வந்த ஆட்டைப் பார்ப்பது போல.

"கல்லு மேட்டுல வெள்ளைப் பூச்செடி இருக்கும். அதோட வேர்" என்றார் கண்ணிமைக்காமல்.

முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "லாபம் இல்லாம குடுக்கிறானாம்!" என்று தனக்குள் சொல்லியபடி, கைநாட்டு வைக்காமலே ஆட்டுக் கூட்டத்துக்குள் நடந்து மறைந்தார்.

செனாங்கத் வெள்ளைப் பூச்செடியின் வேரை எழுதி, அதன் கீழே அழுத்தமாகக் கோடும் போட்டாள். கோடு போட்டு முடித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது: கைநாட்டுக் கேட்டு வந்ததுதான் மூன்று தடவை; மருந்தின் பெயரை அவள் கேட்டது இன்றுதான் முதல் தடவை.