தையற்கடைக்கு வந்த பல்வலி

இதை முதன்முதலில் சொன்னவர் தையற்காரியின் கணவர். மனைவி உள்ளே தையல் இயந்திரத்தின் முன்தான் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்ட பிறகே தொடங்கினார்.

ஆறு மாதமாகக் கடைத் தொலைபேசியில் பல்வலியைத் தவிர வேறெதுவும் வரவில்லை. ஒருவருக்குக் கடைவாய்ப்பல் ஆடியது. ஒருத்திக்கு ஈறு வீங்கியது. ஒருவர் பேசவே முடியாமல் முனகினார்.

முதல் வாரம் தையற்காரி "ராங் நம்பர்" என்று மரியாதையாகச் சொன்னாள். இரண்டாம் வாரம் சொல்லாமலே வைத்தாள். பிறகு நாக்கில் ஊசி ஏறிவிட்டது. பல் ஆடியவரிடம், அரை மீட்டர் நூல் தருகிறேன், கட்டி இழுத்துக்கொள்ளுங்கள் என்றாள். கன்னம் வீங்கியவரிடம், வீக்கத்துக்குத் தக்கபடி சட்டைக் கழுத்தை அகலமாக வெட்டித் தருவதாகச் சொன்னாள்.

கணவர் சிரித்தால் போதும், பாய்வாள்.

"உங்களுக்குச் சிரிப்பு. இவங்க லைனை அடைச்சுக்கிட்டா துணி குடுக்கிறவங்க எப்படிக் கூப்பிடுவாங்க? ஆறு மாசமா ஒருத்தர்கூடக் கூப்பிடலை."

அவள் கவலை நியாயமானது. அவர் வேலை பார்த்த ஆலை மூடி ஓராண்டு. அந்த ஒரு தையல் இயந்திரத்தில்தான் குடும்பம் ஓடியது.

ஒரு நாள், அழைத்தவரை அதட்டி, எண் எங்கே கிடைத்தது என்று கேட்டாள். பல் மருத்துவமனைச் சீட்டில் அச்சாகியிருக்கிறதாம். கழுத்திலிருந்த அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல், பையைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு தாண்டிப் போய் நின்றாள்.

"யாருங்க இங்க பொறுப்பு?" என்றதுமே, கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்துவிட்டார்.

"இந்தக் குரல்தான். அரை மீட்டர் நூல்."

வரிசை முழுவதும் வலியை மறந்து சிரித்தது. அவள் வாயெடுப்பதற்குள் மேசைத் தொலைபேசி ஒலித்தது. அவளை உட்காரும்படி கைகாட்டிவிட்டுச் செவிலிப் பெண் எடுத்தாள்.

"தையல் கடையா? இது பல் ஆஸ்பத்திரிங்கம்மா. பரவாயில்லை, அடிக்கடி வர்றதுதான். சட்டைக் கை இறுக்கமா இருக்கா? பில்லுல விலாசம் இருக்கும், நேராப் போங்க. முகம் சுளிக்காமப் பிரிச்சுத் தச்சுக் குடுப்பாங்க. ரொம்பப் பொறுமையானவங்க."

தையற்காரி மெல்லத் தன் பில் புத்தகத்தை எடுத்தாள். மேசைமேல் கிடந்த மருத்துவமனைச் சீட்டின் அருகே வைத்துப் பார்த்தாள். இரண்டின் அடியிலும் ஒரே அச்சகத்தின் பெயர். எண்கள் மட்டும் இடம் மாறியிருந்தன.

"அந்தத் தையல்காரியை உங்களுக்குத் தெரியுமா?" குரல் இறங்கிவிட்டது.

"பார்த்ததே இல்லைங்க. யாரோ பாவம், நம்பர் மாறிப்போச்சு, பொழைப்புக் கெட வேண்டாம்னு டாக்டர் சொன்னார்." செவிலிப் பெண் அழைப்பேட்டைப் புரட்டினாள். "இதுவரைக்கும் நாப்பத்தொரு பேரை அனுப்பியிருக்கோம்."

உடனே அச்சகத்துக்குப் போக வேண்டாம், கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும் என்று கெஞ்சியவள் தையற்காரிதானாம்.

அன்றிலிருந்து மணி ஒலித்தால் இயந்திரத்தை நிறுத்துகிறாள். "ரொம்ப வலிக்குதா கண்ணு?" என்று தேனொழுகக் கேட்டு வழி சொல்கிறாள். பயந்தவர்களிடம், டாக்டருக்குப் பூப்போன்ற கை என்று, அவரிடம் ஒருநாளும் வாய்திறந்து காட்டாமலே சத்தியம் செய்கிறாள். வைத்தவுடன் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு.

சென்ற செவ்வாய்க்கிழமை கடன் தீர்ந்தது: நாற்பத்தோர் உடுப்புக்கு நாற்பத்தொரு பல்.