ஒரே சுவர்

அல்சீட் தன் பேஸ் சாக்ஸபோனை ஊத ஆரம்பித்ததுமே சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. அந்த நியூ ஆர்லியன்ஸ் தெருவில் அவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். சட்டென்று நிறுத்தினார்.

"வீட்டுக்குள்ள கப்பல் ஹாரன் அடிச்சா, புதுசா குடிவந்த பொம்பளை தட்டாம என்ன செய்யும்? போய் மன்னிப்புக் கேளுங்க" என்று ஓடில் என்னும் அவர் மனைவி, இறால் சூப்புக் கிண்ணத்தைக் கையில் திணித்தாள்.

பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்தவள் முறைத்தாள். "ஏன் சார் பாதியில நிறுத்தினீங்க?"

"நீங்கதானே சுவத்தத் தட்டினீங்க?"

"தாளத்துல ரெண்டாவது அடிக்கும் நாலாவது அடிக்கும்தானே தட்டினேன்! ஜாஸ் ஊதுறவருக்கு இதுகூடவா தெரியல? கோவத்துல தட்டுறவ தாளத்தோடயா தட்டுவா?"

அவள் கையில் டிரம் குச்சிகள் இருந்தன.

"வீடு பாக்க வந்த அன்னிக்கு நீங்க ஊதினதுல இந்தச் சுவரே அதிர்ந்துச்சு. சமையலறையக்கூடப் பாக்காம சாவிய வாங்கிட்டேன் சார்!"