கரடிக்கு ஒரு ஸ்டார்

காரைக்காலுக்கு வந்த கூட்டாளியிடம் வாப்பா துபாயிலிருந்து கொடுத்தனுப்பிய வீடியோ கேமுக்கு, சித்திக்கா ஒரே ஒரு ஸ்டார்தான் கொடுத்தாள்.

"நாலு பேர் ஆடும் குட்டிக் குட்டிப் போட்டிகள் அருமை. ஆனால் உம்மா, தம்பி, நான் என்று மூன்று பேர் உட்கார்ந்தால், கம்ப்யூட்டர் நாலாவதாக ஒரு கரடியை இறக்கிவிடுகிறது. சுத்த மக்குக் கரடி. பாலத்திலிருந்து தானாகவே விழுகிறது" என்று இணையத்தில் எழுதியும் போட்டாள்.

போட்டதிலிருந்து மனசு உறுத்தியது. ஆசையாக வாங்கி அனுப்பியவரை ஊரறியத் திட்டியதுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பா போன் செய்தார்.

"கேம் புடிச்சிருக்கா புள்ள?"

"சூப்பர் வாப்பா" என்று பொய் சொன்னாள்.

"கரடி எப்படி?"

சித்திக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் எழுதுனத படிச்சிட்டீங்களா வாப்பா?"

"எழுதுனியா? எனக்குத் தெரியாதே" என்று சிரித்தார். "இங்க ரூம்லயும் அதே கேம் வாங்கிட்டேன். நீங்க மூணு பேரும் ஆடுறப்பெல்லாம் கரடியா வர்றது நான்தான் புள்ள. உங்க உம்மாதான் உங்களுக்குத் தெரியாம என்னய ஆன்லைன்ல உள்ள சேத்துவிடுறா. அந்தப் பாலம் தாண்டுறதுதான் இன்னும் பழகல... சரி, என்ன எழுதுன? படிச்சுக் காட்டு, கேப்போம்."