நாற்பத்தொரு தாமதம்

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவைக் கணக்கு டீச்சரிடமிருந்து பிடுங்கிவிடுவது என்று தலைமையாசிரியை முடிவு கட்டிவிட்டார்.

பின்னே என்ன? எட்டாவது வரை வீட்டுப் பக்கத்தில் படித்த பிள்ளைகள் ஒன்பதாவதுக்குத்தான் இந்தப் பெரிய பள்ளிக்கு வருகிறார்கள். முதல் வருஷம் வழுக்கினால் எழுந்திருப்பது கஷ்டம். அதனால்தான் மாதாமாதம் ஒன்பதாவதின் பதிவேடுகளை அலசுகிற வழக்கத்தை மூன்று வருஷமாக விடாப்பிடியாக நடத்தி வருகிறார்.

இந்த மாதம் புதிதாக ஓர் உத்தரவு. எட்டே முக்காலுக்கு கேட்டைப் பூட்டிவிட வேண்டும். பலன் தெரிகிறதா என்று தாமதக் கணக்கை மட்டும் எடுத்துப் பார்த்தார். 'ஏ' பிரிவில் ஒன்றுகூட இல்லை. 'பி'-யில் நாற்பத்தொன்று.

கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயரே 'சரிசரி டீச்சர்'. இப்படி இடம் கொடுத்தால் தலைமேல் ஏறாமல் என்ன செய்வார்கள்?

கூப்பிட்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, பூட்டிய பிறகு பிள்ளைகள் எப்படி உள்ளே வந்தார்கள் என்று கேட்டார்.

"நான்தான் மேடம், என் கிளாஸ் புள்ளைங்களுக்கு சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துக் கதவைத் திறந்துவிடுறேன்."

தலைமையாசிரியைக்குச் சுர்ரென்று ஏறியது. உத்தரவுக்கு இதுதான் மரியாதையா?

"ரெண்டு பஸ் மாறி வர்ற புள்ளைங்க மேடம். ஒரு பொண்ணு தம்பியை அவன் ஸ்கூல்ல விட்டுட்டு ஓடி வருது. கேட் பூட்டியிருந்தா வீட்டுக்குத் திரும்பிடுதுங்க. நாலு நாள் திரும்பினா அஞ்சாவது நாள் கிளம்புறதே இல்ல. என்னை மாத்துறதுன்னா மாத்திக்கோங்க. அடுத்து வர்றவங்களை அந்தக் கதவை மட்டும் திறக்கச் சொல்லுங்க."

தலைமையாசிரியை 'ஏ' பிரிவுப் பதிவேட்டைப் புரட்டினார். தாமதம் இல்லைதான். பக்கத்துக்குப் பக்கம் ஆப்சென்ட். மூன்று பெயர்களுக்கு எதிரே கடைசி இரண்டு வாரமும் ஆப்சென்ட் தவிர வேறில்லை. 'பி'-யில் அப்படி ஒரு பெயர்கூட இல்லை.

வெட்கமாக இருந்தது. இத்தனை பேரையும் வாசலிலிருந்து விரட்டியது தன் பூட்டுதானே.

அன்று சாயங்காலமே கணக்கு டீச்சரைக் கூட்டிக்கொண்டு அந்த மூன்று பேர் வீட்டுக்கும் போனார். மறுநாளிலிருந்து கேட்டைப் பூட்டவில்லை.

அடுத்த மாதம் ஒன்பதாவதில் மொத்தத் தாமதம் நூற்றைம்பதைத் தாண்டியது. அந்தப் பட்டியலைத் தலைமையாசிரியை தன் கையாலேயே ஆசிரியர் அறையில் ஒட்டினார். ஒட்டிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழாகத் தேடினார்.

அந்த மூன்று பெயர்களும் தாமதப் பட்டியலில் இருந்தன.