தோற்க ஓர் அணி

பந்தைப் பெனால்டி புள்ளியில் வைத்துவிட்டு அந்தப் பையன் சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் அவரை வதைத்தது.

கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றார். கல்லூரியில் விளையாட்டு ஆசிரியர். இன்று கோல்கீப்பர்.

முன்னால் அவருடைய அணி. ஆய்வக உதவியாளர், நூலகர், தொந்தியைத் தாங்கிக்கொண்டு மூச்சு வாங்கும் கேன்டீன் மாஸ்டர். பந்து முகத்துக்கு நேரே வந்ததும் பயந்துபோய் இரண்டு கையாலும் பிடித்து, பெனால்டி வாங்கிக்கொடுத்த புண்ணியவான் அந்த மாஸ்டர்தான்.

எதிரே கடற்கரை ஊர்க் கல்லூரிப் பையன்கள். ஆட்டம் முடியப்போகிறது. இதுவரை ஒரு கோல்கூட விழவில்லை.

விழாது. அவருக்குப் பையன்கள் காட்டும் மரியாதை.

ஆட்டம் ஒரு பட்டத்துக்காக. அதற்குக் கோப்பை கிடையாது. எந்தச் சங்கமும் ஒப்புக்கொண்டதில்லை. கல்லூரிக் கால்பந்து ஆடியவர்களுக்குள் ஒரு வழக்கம், அவ்வளவுதான். பட்டக்காரனை ஜெயித்தவன் பட்டக்காரன். ஆட்டம் சமநிலையில் முடிந்தால் பட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அது வந்த வழியை அவர் தேடித் தேடிக் கண்டுபிடித்திருந்தார். பாளையங்கோட்டையில் பிறந்தது. தூத்துக்குடிக்குப் போனது. காரைக்குடியில் ஒரு மழைநாள் ஆட்டத்தில் கைமாறியது. மார்த்தாண்டத்தில் கொஞ்ச காலம் தங்கியது. கடைசியாக அவர் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. அவர் மாணவனாக இருந்தபோது, அவரே தலையால் முட்டிய பந்தில்.

மறுவருடமே நிர்வாகம் அணியைக் கலைத்தது. மைதானத்தில் கல்லூரிப் பேருந்துகள் வந்து நின்றன.

தோற்க அணி இல்லை.

ஆகவே இன்றுவரை சாம்பியன்.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கூச்சமாக இருந்தது. பந்தியில் சாப்பிட்டு முடித்தும், பக்கத்து இலைக்காரருக்காக எழுந்திருக்க முடியாமல் கை காய உட்கார்ந்திருப்பது போல. எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்கள் வந்து போனார்கள். அவர்கள் கைக்குப் போகவேண்டியதை அவர் மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதனால்தான் இந்த ஆட்டம். கெஞ்சிக் கூத்தாடி ஆள் சேர்த்து, இந்தப் பையன்களின் ஊர் மணலுக்கே வந்திருந்தார். ஆட்டத்துக்கு முன்னால் பட்டத்தின் கதை முழுவதையும் பையன்களுக்குச் சொன்னார்.

அதுதான் அவர் செய்த தப்பு. வயசான மனுஷனிடமிருந்து அதைப் பிடுங்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

"சாரே, பைய அடிக்கேன்," என்றான் பையன், தணிந்த குரலில். "பிடிச்சிருங்க."

கண்ணில் நீர் முட்டியது. கோபத்தில்.

அவரே விட்டுவிடலாம். சும்மா நின்றாலே போதும், பந்து உருண்டு உள்ளே போய்விடும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் பட்டத்தைப் பல் பிடித்துப் பார்ப்பார்கள். நாளைக்கு ஒருவன் இவரைப் போலவே வழி தேடிக்கொண்டு வருவான். யாரும் ஜெயிக்காமலே பட்டம் கைமாறிய இந்த மணலில் வந்து முட்டிக்கொள்வான்.

கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இந்த ஊர்ப் பிள்ளைங்க நடக்கதுக்கு முன்னாலயே பந்து உதைக்கும்னு சொன்னாவ," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "சும்மா சொல்லியிருக்காவ போல."

சிரிப்பு நின்றது.

பையன் அவரையே பார்த்தான். பிறகு பந்தை எடுத்தான். ஒட்டியிருந்த மணலைச் சட்டையில் துடைத்தான். மறுபடி வைத்தான்.

பின்னால் நடந்தான். நடந்துகொண்டே இருந்தான்.

இது நிஜமான ஆட்டம். அதைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று.

முழங்காலை மடக்கினார். பையனின் கண்ணைக் கவனித்தார். இடதா, வலதா?

இதைப் பிடித்தே தீர வேண்டும்.