சானாவில் காய்ந்த சிவப்பு

"சனிக்கிழமை சானாவில நாம குளிக்கணுமா, காரு குளிக்கணுமா?" ஹில்க்கா கத்தினாள். அந்த ஆவிக்குளியல் அறையின் பலகைகளில், காரின் உட்புறப் பிளாஸ்டிக் பட்டைகள், கணவன் ரைமோ அடித்த சிவப்புப் பெயின்ட்டோடு காய்ந்துகொண்டிருந்தன.

"வெளியில பனி கொட்டுதுடி. இந்தக் கதகதப்புலதான் பெயின்ட் காயும். நம்ம காருக்குத்தானே!"

"போன வாரமும் இதே கதை. காஞ்சது போதும், நானே மாட்டித் தொலைக்கிறேன்!"

பட்டைகளை அள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

"ஏய், நில்லு!" ரைமோ பின்னாலேயே ஓடினான்.

அவள் தங்கள் காரின் கதவைத் திறந்தாள். உள்ளே பழைய சாம்பல் நிறப் பட்டைகள் அத்தனையும் அப்படியே இருந்தன. பக்கத்து வீட்டுப் பெண் தூய்ரேயின் கார் அருகில் நின்றது. அதில்தான் பட்டைகள் இருக்கவேண்டிய இடமெல்லாம் மொட்டையாக இருந்தது.

ஹில்க்கா பட்டைகளை ரைமோவின் நெஞ்சில் திணித்தாள்.

"அவ வீட்லயும் சானா இருக்குல்ல? இனிமே அங்கேயே போய்க் குளி!"