ஜோடி பிரிந்த காளை

மாட்டாஸ்பத்திரிக் கதவு இடிந்து விழுவதுபோல் தட்டப்பட்டது. டாக்டர் வேதமுத்து சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து திறந்தார். பள்ளிபாளையத்திலிருந்து நடந்தே வந்திருந்த சௌந்திரம் மூச்சிரைக்க நின்றாள்.

“பத்து நாளாத் தீனி எடுக்கலீங்க, சாமி. மூலையில படுத்துக் கண்ணீர் உடுது. எந்திரிச்சாத்தானே கூட்டியாரதுக்கு? நீங்கதான் காப்பாத்தோணும்.”

“பசுவா, காளையா?”

சௌந்திரம் சற்றுத் தயங்கினாள். “காளைதானுங்க. கூட உழுத ஜோடி செத்துப்போச்சுங்க.”

“அதான் மனசு ஒடிஞ்சு போச்சு,” என்று டாக்டர் சிரித்தார். “மனுஷனுக்கு இது வந்திருந்தா மதராசுக்கு ரயிலேறணும். நல்லவேளை, மாட்டுக்கு வந்தது. தனியா விடாதே. விடியக்காலையில ஆத்துல குளிப்பாட்டு. முதுகைத் தடவி ஏதாவது பேசிக்கிட்டே இரு. கழுத்துல ஒரு மணி கட்டு, சத்தம் துணையா இருக்கும்.”

சௌந்திரம் ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணி மனப்பாடம் செய்துகொண்டு போனாள்.

பதினைந்தாம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சிரித்தபடி வந்தாள்.

“தீனி எடுக்குதா?” என்றார் டாக்டர்.

“நாலு உருண்டை களி போகுதுங்க!”

“மாட்டுக்குக் களியா?” டாக்டர் விழித்தார். “சரி, நான் சொன்னதையெல்லாம் செஞ்சியா?”

“ஒண்ணு உடாமச் செஞ்சனுங்க. கூட உழுத அண்ணன் செத்த துக்கம் ஆறி நேத்து ஏர்கூடப் பூட்டிட்டாரு. ஆனா, அந்த மணிய மட்டும் கழுத்துல கட்டிக்க மாட்டேன்னு எங்க ஊட்டுக்காரரு ஒரே அடம் புடிக்கிறாருங்க!”